உல்சூர் பட்டறையும் ஓயாமல் சுற்றிய ரேடியேட்டர் ஃபேனும்

பெங்களூரில் லிக்விட் கூலிங் (இன்ஜினைத் திரவத்தால் குளிர்விக்கும்) பைக் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு பட்டறையைச் சொல்லியாக வேண்டும். உல்சூரில் சோமேஸ்வரர் கோயிலை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மூன்று வண்டி நிறுத்தினால் இடம் நிறைந்துவிடும். நடத்துகிறவர் ஐம்பதைத் தாண்டிய தமிழர். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அண்ணன்தான். நல்ல நிலையில் இருக்கும் பாகத்தை நல்லது என்று சொல்லி, அதை மாற்றாமல் வண்டியைத் திருப்பித் தருகிற மெக்கானிக் கிடைப்பது அரிது. இவர் அப்படிப்பட்டவர்.

என்னுடையது நானூறு சிசிக்குச் சற்றுக் குறைந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டி. மாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் சாலையில் திரும்பும்போது, பொம்மனஹள்ளி வந்தால், இன்ஜினில் சூடேறிய திரவத்தை (கூலன்ட்) ஆறவைக்கும் ரேடியேட்டரின் ஃபேன் ஓடத் தொடங்கும். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டும்வரை ஓடுவதும் நிற்பதும் மறுபடி ஓடுவதுமாக இருக்கும். சிக்னலில் நிற்கும்போது முழங்காலுக்குக் கீழே அனல் அடிக்கும். வழக்கமாக வண்டி விடும் சர்வீஸ் சென்டரில் ரேடியேட்டரையும் ஃபேனையும் மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். செலவு அதிகம் என்றால், ஹேண்டிலில் ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனை நேராக பேட்டரியில் இணைத்துத் தருவதாகவும் சொன்னார்கள். கூலன்டின் வெப்பநிலை என்ன என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் முதலில் கேட்டதே அதைத்தான். "எத்தனை டிகிரியில் ஓடுகிறது, எத்தனையில் நிற்கிறது? அது தெரியாமல் எதை மாற்றுவது தம்பி? இரவு முழுக்க ஆறிய வண்டியாகக் காலையில் கொண்டு வாருங்கள்" என்றார்.

காலையில், கூலன்டின் வெப்பநிலையைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தார். ஃபேன் அசையவில்லை. அசையவும் கூடாது. ஆறிய இன்ஜினில் சாவி போட்டதுமே ஃபேன் சுற்றினால் வெப்பநிலையை அளக்கும் சென்சார், வயர், ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலே இவற்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டால், தற்காப்பாக ஃபேனை ஓடவிடும்படி பல வண்டிகளின் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அமைக்கப்பட்டிருக்கிறது. பிறகு ரேடியேட்டருக்குப் போகும் குழாயைத் தொடச் சொன்னார். இன்ஜின் சூடாகிக்கொண்டிருந்தும் குழாய் குளிர்ந்தே கிடந்தது. ஸ்கேனர் எண்பதைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் குழாயில் சடசடவென்று சூடு ஏறியது. சூடேறினால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதுவரை கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

102 டிகிரியில் ஃபேன் கிளம்பியது, 96-ல் நின்றது. மூன்று முறையும் அதே கணக்கு. இடையில் ஒரு டிஷ்யூ காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தார். அது உறிஞ்சப்பட்டு வலைமீது ஒட்டிக்கொண்டது. ஃபேன் சரியான திசையில் காற்றை இழுக்கிறது. மோட்டாரை மாற்றும்போது இரண்டு வயரை இடம் மாற்றிப் பொருத்திவிட்டால், அது எதிர்ப்பக்கமாகச் சுற்றி, வண்டி ஓடும்போது வரும் காற்றோடு மல்லுக்கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் நன்றாக ஓடுவதுபோலவே தெரியும்.

நூறு டிகிரி என்றால் கொதித்துவிடாதா என்று கேட்டேன். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் பெங்களூரில் வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். அந்தக் கவலையோடுதான் கேட்டேன். ரேடியேட்டர் மூடியைக் காட்டினார். 1.1 பார் என்று அழுத்த அளவு அதில் பொறித்திருந்தது. குக்கர் விசில் செய்யும் வேலையை அந்த மூடி செய்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். கிளைக்கால் என்ற கொதிநிலை கூடிய திரவம் கலந்த கூலன்ட் அந்த அழுத்தத்தில் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. சூடான வண்டியில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது என்பதும் இதனால்தான். திறந்த கணத்தில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது கொதித்துப் பீறிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து அவர் சொன்ன விளக்கம். மே மாதம் வேலூர்ப் பக்கம் 40 டிகிரி வெயிலில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஃபேன் ஓடுவதில்லை; டிசம்பர் குளிரில் சில்க் போர்டில் ஓடுகிறது. இதைத்தான் நான் கோளாறு என்று நினைத்திருந்தேன். "வெயிலைப் பார்த்து ஓடுவதில்லை தம்பி, கூலன்டைப் பார்த்துத்தான் ஓடுகிறது" என்றார். வேகமாகப் போனால் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். முதல் கியரில் ஊர்ந்தால் காற்றே இல்லை. அந்த இடத்தில் ஃபேன் ஓடியே ஆக வேண்டும். கவலைப்பட வேண்டியது நேர்மாறான நிலைமைகளுக்கு: நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போதும் ஃபேன் நிற்காமல் ஓடுவது, அல்லது வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தும் ஃபேன் மௌனமாக இருப்பது. இரண்டாவது நடந்தால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பெரும்பாலும் ஃபியூஸ், ரிலே, கனெக்டர், மோட்டார் என்ற வரிசையில் தேடினால் பழுது அகப்பட்டுவிடும்.

சுவிட்ச் யோசனையைச் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்தது. போட மறந்தால் இன்ஜின் போகும், அணைக்க மறந்தால் பேட்டரி போகும் என்றார். தானாக நடக்கும் காரியத்தை எதற்காகப் போக்குவரத்து நெரிசலில் ஓட்டுகிறவரின் ஞாபகத்தில் விட வேண்டும்? எனக்கும் அதே கருத்துதான்.

குறை ஒன்று இருந்தது. ரேடியேட்டரின் மெல்லிய உலோக இதழ்களில் மழைக்காலச் சேறு காய்ந்து அடைத்திருந்தது. கீழ்மூலையில் இதழ்கள் மடங்கியும் இருந்தன. அழுத்தமான தண்ணீர்த் துப்பாக்கியை மிக அருகில் பிடித்தால் இப்படி ஆகும். ஃபேனைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து மெல்லிய தண்ணீர் விட்டுச் சேற்றை வெளியேற்றினார். மடங்கிய இதழ்களை ஒரு தட்டையான ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது மறுபக்கம் தெரிந்தது. பழைய கூலன்டை வடித்துப் புதியதை ஊற்றி, காற்றுக்குமிழ் போகும்வரை இன்ஜினை ஓடவிட்டார். கூலன்டோடு சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய். இப்போதும் சில்க் போர்டில் ஃபேன் ஓடுகிறது. முன்பைவிடச் சீக்கிரம் நிற்கிறது.

சிரமங்களும் உண்டு. போனை எடுக்க மாட்டார். சனிக்கிழமை கூட்டம் தாங்காது. ரசீது கேட்டால்தான் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதிலும் பெரும்பாலும் ஸ்பேனர்கள் இருக்கும். அவசர வேலைக்கு இவர் சரிப்பட மாட்டார். போவதென்றால் வார நாளில், தள்ளிக்கொண்டே போகிற தூரத்தில் யார் வீட்டிலாவது முந்தைய இரவே வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் தள்ளிக்கொண்டு போங்கள். சூடான வண்டியோடு போனால் ஆறும்வரை தொடக்கூட மாட்டார்.