ஒன்றரைப் பவுண்டு அம்பர் ஏல்: பழகிப் பார்த்த பிறகு

இங்கிலாந்தில் மலிவுவிலை சூப்பர்மார்க்கெட்டுகள் தங்கள் சொந்த லேபிளில் விற்கும் அம்பர் ஏல் என்ற செம்பழுப்பு பியர் ஒன்றைச் சில வருடங்களாக வாங்கி வருகிறேன். அரை லிட்டர் பாட்டில், இப்போது ஒன்றரைப் பவுண்டு. பக்கத்துப் பப்பில் இதே ரக ஏல் ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி, ஐந்து பவுண்டுக்குக் குறைந்து கிடைக்காது. கடையின் பெயர் வேண்டாம். இந்த மாதிரி லேபிள்களில் படம் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது சத்தமில்லாமல் மாறலாம். பெயரை நம்பி வாங்கிவிட்டு என்னைத் திட்டக்கூடாது பாருங்கள்.

இந்த விலைக்கு என்ன பெரிய பியர் கிடைத்துவிடும் என்பவர்களுக்கு முதலில் கணக்கு. ஒன்றரைப் பவுண்டில் 20 சதவீத வாட் அடக்கம். வரிக்கு முன் விலை 125 பென்ஸ் என்பதால் அது 25 பென்ஸ். கலால் வரி தனி. 2023 ஆகஸ்டில் வந்த விகிதப்படி, இந்த வீரியத்தில் இருக்கும் பியருக்கு ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 21.01 பவுண்டு. 4.2 சதவீத வீரியமுள்ள இந்த அரை லிட்டரில் சுத்த ஆல்கஹால் 21 மில்லி. வரி 44 பென்ஸ். அதன் பிறகு கொஞ்சம் ஏறியும்விட்டது. ஆக, குறைந்தது 69 பென்ஸ் அரசாங்கத்துக்கே போய்விடுகிறது. மிச்சமிருக்கும் 81 பென்ஸுக்குள் பார்லி, ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ), கண்ணாடி, லாரி வாடகை, கடைக்காரன் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். எங்கேயாவது கை வைத்துத்தான் ஆக வேண்டும். குடித்துப் பார்த்த வரையில், மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, விட்டுவிட்டு ஹாப்ஸில் கை வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

மால்ட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டம்ளரில் ஊற்றினால் பால் விடாத தேநீரின் நிறம், விளக்குக்கு நேரே பிடித்தால் லேசான செம்பு. இந்த நிறத்துக்கும் ருசிக்கும் காரணம் கிரிஸ்டல் மால்ட். முளைகட்டிய பார்லியை ஈரம் காய்வதற்கு முன்பே சூடேற்றினால், மாவுச்சத்து உமிக்குள்ளேயே சர்க்கரையாகிவிடும். அப்புறம் வறுக்கும்போது அந்தச் சர்க்கரை சிவந்து இறுகும். அதில் ஒரு பகுதியை ஈஸ்டால் தின்ன முடியாது என்பதால் அந்த இனிப்பு பியரிலேயே தங்கிவிடுகிறது. முதல் மடக்கில் பிஸ்கட், டாஃபி, கொஞ்சம் உலர்திராட்சை. இது வரைக்கும் இரண்டரைப் பவுண்டு பியருக்குச் சமமாகவே நிற்கிறது.

அடுத்த வாய்க்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். ஹாப்ஸைக் கொதியின் ஆரம்பத்தில் போட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியோடு போய்விடும். வாசனை வேண்டுமென்றால் கொதி முடியும் நேரத்தில் இன்னொரு தரம் போட வேண்டும்; செலவு அங்கேதான். ஃபகிள், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் போன்ற ஆங்கிலேய ஹாப்ஸ் போட்ட நல்ல ஏலில் ஈர மண்ணும் தேயிலையும் கலந்த ஒரு மணம் மூக்கில் ஏறும். இதில் கசப்பு இருக்கிறது, மணத்தைத் தேடத்தான் வேண்டும். நுரையும் நிற்பதில்லை. ஊற்றியதும் இரண்டு விரல் உயரம் எழும்பி, நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் விளிம்பில் ஒரு வெள்ளை வளையம்தான் மிச்சம். இன்னொன்று: கேஸ்கேட் ஹாப்ஸ் போட்ட அமெரிக்க அம்பர் ஏல் குடித்துப் பழகியவர்கள் அந்தப் பம்ப்ளிமாஸ் புளிப்பு வாசனையை இதில் எதிர்பார்க்க வேண்டாம். இது வேறு ஜாதி.

எப்படிக் குடிப்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் டாஃபியும் தெரியாது, பிஸ்கட்டும் தெரியாது. வெறும் கசப்புத் தண்ணீர். ஆங்கிலேயப் பப்புகளில் ஏல் பீப்பாய்களை வைக்கும் நிலவறையின் சூடு 11 முதல் 13 டிகிரி. அதனால் அரை மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்து வைத்துவிடுவேன். சென்னையிலிருந்து வந்த நண்பன் ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னடா மச்சி, கூலிங்கே இல்ல?” என்று கேட்டான். டாஸ்மாக்கின் ஜில்லென்ற லாகர் பியர் பழகிய நாக்குக்கு அப்படித்தான் இருக்கும். அதற்காக அலமாரியில் கிடந்ததை அப்படியே திறக்கவும் கூடாது. கோடையில் அப்படிக் குடித்தால் பாதியிலேயே இனிப்பு திகட்டிவிடும்.

முன்பு இது வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் வந்துகொண்டிருந்தது. பார்க்க அழகு, பியருக்கு ஆகாது. ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்து, கந்தகம் சேர்ந்த ஒரு நாற்றத்தைக் கிளப்பிவிடும். மூடியைத் திறந்ததுமே தெரியும். ஜன்னலோர அடுக்கில் முன்வரிசையில் நின்ற பாட்டில்களில் அது வரும், அட்டைப்பெட்டிக்குள் இருந்தவற்றில் வராது. இப்போது பழுப்புக் கண்ணாடிக்கு மாற்றிவிட்டார்கள், அந்தத் தொல்லை ஓய்ந்தது. அடுக்கின் பின்வரிசையில் கைவிட்டு எடுக்கும் பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை.

மாற்றியது கண்ணாடியை மட்டும் என்றால் நன்றி சொல்லியிருப்பேன். அதோடு வீரியத்தையும் 4.5இலிருந்து 4.2க்கு இறக்கிவிட்டார்கள். கலால் வரியில் ஒரு பாட்டிலுக்கு மிச்சமாவது சுமார் 3 பென்ஸ்; அத்தனை லட்சம் பாட்டில் விற்பவர்களுக்கு அது காசுதான். குடிப்பவனுக்கு நடுநாக்கில் கனம் குறைந்துவிட்டது. முன்பு கடைசி மடக்கு வரை இருந்த அந்தப் பிசுபிசுப்பு இப்போது முக்கால் டம்ளரிலேயே நீர்த்துப் போகிறது. விலை மட்டும் இறங்கவில்லை, சொல்லவும் வேண்டுமா?

சாப்பாட்டோடு குடித்தால் இந்தக் குறையெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. முதிர்ந்த செடார் சீஸுக்கும் சாஸேஜுக்கும் பொருந்துகிறது. மிளகு தூக்கலாகப் போட்ட மட்டன் வறுவலுக்கு அதைவிட நன்றாகப் பொருந்துகிறது. மால்ட்டின் இனிப்பு காரத்தைத் தணிக்கிறது, கசப்பு எண்ணெயை அறுக்கிறது. மீன் குழம்போடு வேண்டாம். புளியும் ஹாப்ஸும் சேர்ந்தால் வாயில் இரும்பு ருசி அடிக்கிறது.

சலுகை போட்டிருக்கிறார்கள் என்று டஜன் கணக்கில் வாங்கி அடுக்காதீர்கள். இது பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும் ரகம் இல்லை, வடிகட்டி அடைத்தது. வைக்க வைக்க மெருகேறாது, நனைந்த அட்டை வாசனைதான் வரும். கெடுதேதிக்கு ஐந்தாறு மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். விருந்தாளி வருகிறார் என்றால் நான் ஒரு பவுண்டு கூடப் போட்டு லண்டன் பிரைட், ஸ்பிட்ஃபயர் மாதிரி பெயர்பெற்ற ஆங்கிலேய ஏல் ஒன்றை வாங்கிவிடுவேன். திறந்து மீந்துபோன பாதிப் பாட்டிலைக் கொட்ட வேண்டாம். வெங்காயத்தைச் சிவக்க வதக்கி அதில் ஊற்றினால் சாஸேஜுக்கு அருமையான கிரேவி. ரொம்ப நேரம் சுண்டவிடாதீர்கள், கசந்துவிடும்.