கார்த் திறப்பு திரும்பவில்லை: எண்ணெயா, கிராபைட்டா, புதுத் திறப்பா, புதுப் பூட்டா?

இக்னிஷனில் திறப்பைப் போட்டால் உள்ளே போகிறது, ஆனால் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் இதற்கு நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். எண்ணெய் விடு, பென்சில் கரியான கிராபைட் பவுடர் போடு, வேறு திறப்பு வெட்டு, பூட்டையே மாற்று. இந்த நாலில் எது நல்லது என்று பார்க்கும் முன், செலவில்லாத ஒன்றை முதலில் செய்து பாருங்கள்.

ஒழுங்கைக்குள் மதிலோரமாக ரயரை வெட்டி நிறுத்தி, அப்படியே திறப்பைக் கழற்றினால் ஸ்டியரிங் லொக் விழுந்துவிடும். திருகி நிற்கும் ரயர் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தப் பாரம் முழுக்க லொக் ஊசியில் ஏறும். ஊசி இறுகினால் திறப்பு அசையாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் சற்று இடம் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டே திறப்பைத் திருப்புங்கள். குறடு வைத்துத் திருக வேண்டாம். திறப்பு உள்ளே முறிந்தால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். பற்றறியையும் சந்தேகிக்க வேண்டாம். அது இறங்கிப் போனாலும் சாதாரணத் திறப்பு திரும்பத்தான் செய்யும்.

ஸ்டியரிங் தளர்வாக இருந்தும் திரும்பவில்லையா? அப்போ வீட்டில் கிடக்கும் இரண்டாவது திறப்பைப் போட்டுப் பாருங்கள். அது திரும்பினால் பழைய திறப்பு தேய்ந்துவிட்டது. இரண்டுமே திரும்பாவிட்டால் பூட்டில்தான் கோளாறு. இது தெரியாமல் கடைக்குப் போனால், தேவையில்லாததற்குக் காசு கொடுக்க நேரும்.

பூட்டுக்குள் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் வில்லில் ஏறி இறங்குகின்றன. அவை தூசியில் சிக்கியிருந்தால்தான் எண்ணெய், கிராபைட் என்ற பேச்சே வரும். தேங்காய் எண்ணெயை நான் அறவே ஒதுக்குவேன். நாளாக நாளாக அது தூசியைப் பிடித்துப் பிசுபிசுத்துவிடும். டபிள்யூடி-40 ஸ்பிரே நல்ல சாமான்தான். 1953இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டவென்று உருவாக்கியது. இறுகிய பூட்டை அன்றைக்கு அசைத்துக் கொடுக்கும். ஆனால் அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் பழைய குணம் திரும்பிவிடும். கிராபைட் உலர்ந்த தூள் என்பதால் தூசியைப் பிடித்து வைக்காது. அதோடு, போகல, கஹட்டகஹ என்ற இரண்டு ஊர்ச் சுரங்கங்களில் தோண்டுகிற நம் நாட்டுச் சரக்கு. கொஞ்சமாக ஊதிவிட்டு, திறப்பைப் பல தடவை போட்டு எடுத்துத் துடைத்தால் போதும். தூள் கிடைக்காத வேளையில் 4பி பென்சிலைத் திறப்பின் பற்களில் நன்றாகத் தேய்த்துப் போட்டு எடுங்கள். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் போட்ட பூட்டில் அப்படியே கிராபைட் போட்டால் இரண்டும் சேர்ந்து களியாகிவிடும். முதலில் எண்ணெயைக் கழுவிவிடும் கொன்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துக் காயவிட வேண்டும்.

தேய்ந்த திறப்புக்கு மருந்து கிராபைட் அல்ல, புதுத் திறப்புத்தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திறப்பு வெட்டும் கடையில் கையிலுள்ளதைக் கொடுத்து 'இதுபோல் ஒன்று' என்றால், மெஷின் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டும். பழையதே திரும்பாதபோது அதன் பிரதி எப்படித் திரும்பும்? பிரதி எடுக்கத்தான் வேண்டுமென்றால் அதிகம் பாவிக்காத இரண்டாவது திறப்பைக் கொடுங்கள். அதைவிடச் சிறந்தது, இலக்கத்தை வைத்து வெட்டுவது. பல ஜப்பான் கார்களில் திறப்போடு வந்த சின்னத் தகட்டில் ஓர் இலக்கம் இருக்கும். அதைப் பார்த்து வெட்டினால் கார் கொம்பனியில் இருந்து வந்த நாளில் இருந்த அளவே கிடைக்கும். செலவு கூடத்தான், ஆனால் என் தெரிவு இதுதான். இமொபிலைசர், அதாவது திறப்பிலுள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் என்ஜினை ஓடவிடும் அமைப்பு உள்ள கார் என்றால், சிப் இல்லாமல் வெட்டிய திறப்பு பூட்டைத் திருப்பும், என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. சிப்பையும் பதிந்து தருவார்களா என்று முதலே கேளுங்கள்.

பூட்டை மாற்றுவது கடைசி வழி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பூட்டுகள் கிடைக்கும். ஆனால் அதற்கு வேறு திறப்பு. கதவுக்கு ஒன்று, இக்னிஷனுக்கு ஒன்று என்று இரண்டைச் சுமக்க வேண்டிவரும். பூட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடுகளை உங்கள் திறப்புக்கு ஏற்ப மாற்றி அடுக்கத் தெரிந்தவர் கிடைத்தால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, பல ரொயோட்டாக்களில் பூட்டை வெளியே எடுக்க, திறப்பை முதல் படிக்குத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு ஊசியை அமுக்க வேண்டும். திறப்பு அறவே திரும்பாவிட்டால் துளைத்துத்தான் எடுக்கலாம். ஆகவே இரண்டு திறப்பும் இடைக்கிடை முரண்டு பிடிக்கிற நாளிலேயே, இன்னும் திரும்புகிறபோதே கராஜுக்குக் கொண்டுபோய் விடுங்கள்.