பேப்பர்வைட்டும் இருபது நிமிடமும்: வேலைக்குப் போகிறவர் தமிழ் படிக்க கிண்டில் எவ்வளவு உதவும்?

வேலைக்குப் போகிறவருக்குப் படிப்பதற்கென்று ஒரு முழு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பது அரிது. கிடைப்பதெல்லாம் துண்டு நேரம்: கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்த பிறகு இருபது நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், இரவில் விளக்கை அணைத்தபின் தூக்கம் வரும்வரை கொஞ்சம். போக இருபது, வர இருபது என்று வாரம் 5 நாள் படித்தால் 200 நிமிடம் ஆகிறது. பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் 300 பக்க நாவலுக்கு 450 நிமிடம், அதாவது இரண்டேகால் வாரம். ஆண்டுக்கு இருபது நாவல் படித்துவிடலாம். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் விட்ட இடத்தைத் தேடவும் போனில் வந்த செய்தியைப் பார்க்கவும் போய்விட்டால் கணக்கு உதைக்கும். இந்தத் துண்டு நேரத்தைச் சிந்தாமல் பிடித்துத் தருகிறதா என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டில் பேப்பர்வைட்டை இங்கே மதிப்பிடுகிறோம்.

பேசுவது 12ஆம் தலைமுறைக் கருவியைப் பற்றி. 2024-இல் வெளிவந்தது, 2025-இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 16,999 ரூபாய். 7 அங்குல இ-இங்க் திரை (அச்சுத் தாள்போல் தெரியும் மின்-மைத் திரை), அங்குலத்துக்கு 300 புள்ளி, 16 ஜிபி நினைவகம், எடை 211 கிராம். உறை போட்டால் 300 கிராமைத் தாண்டும். சட்டைப் பையில் அடங்காது, கைப்பையில் அடங்கும். உட்கார்ந்து படிக்க ஒரு கை போதும். ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று படிப்பவருக்கு உறையோடு பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். நின்றே போய் வருபவர் உறையைக் கழற்றிவிட்டுப் பிடிப்பது நல்லது.

போனிலேயே கிண்டில் செயலி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஜன்னலோர வெயிலில் போன் திரை மங்கிவிடும். இ-இங்க் திரை வெயில் பட்டால் இன்னும் தெளிவாகும். அதைவிட முக்கியம், இதில் அழைப்பு வராது, வாட்ஸ்அப் வராது. பொத்தானை அழுத்தியதும் நேற்று விட்ட பக்கம் அப்படியே வந்து நிற்கும். இதற்காகவே கருவியை ஒருபோதும் முழுதாக அணைக்காதீர்கள். அணைத்துவிட்டால் மறுபடி உயிர் பெற நேரம் பிடிக்கும். உறங்கவிட்டால் உடனே திறக்கும். பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் அதுவே உறங்கிவிடும்.

வாங்கியதும் மாற்ற வேண்டிய சில அமைப்புகள் உண்டு. மேலிருந்து கீழே விரலால் இழுத்து விமானப் பயன்முறையைப் போட்டுவைத்தால் மின்கலம் நீடிக்கும். ஆனால் போனிலும் அதே புத்தகத்தைத் தொடர்கிறவர்கள் இதில் ஏமாறுவார்கள்: விமானப் பயன்முறையில் விட்ட இடம் இணையம் வழியே உங்கள் அமேசான் கணக்குக்குப் போய்ச் சேராது, போன் பழைய பக்கத்தையே காட்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நிமிடம் வைஃபையைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும். அடுத்து, பக்கத்தின் கீழ் இடது மூலையைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள்; பக்க எண், இருப்பிடம் என்று மாறி, ‘அத்தியாயம் முடிய இத்தனை நிமிடம்’ என்று வரும்போது விட்டுவிடுங்கள். துண்டு நேர வாசகருக்கு இந்தக் கருவியில் உள்ள மிக உபயோகமான வசதி இதுதான். மாம்பலம் தாண்டியாயிற்று, அத்தியாயத்தில் இன்னும் 6 நிமிடம் என்று தெரிந்தால் படித்து முடிக்கலாம். 19 நிமிடம் என்றால் நல்ல இடத்தில் நிறுத்தலாம். நீங்கள் பக்கம் திருப்பும் வேகத்தை வைத்து அது போடும் கணக்கு என்பதால், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கண்ணயர்ந்தால் கொஞ்சம் பிசகும்.

திரையின் இடது ஓரப் பட்டையைத் தொட்டால் பக்கம் பின்னால் போகும், மற்ற இடமெல்லாம் முன்னால். இடது கையில் பிடிப்பவரின் கட்டைவிரல் அந்தப் பட்டையிலேயே விழும். அவர்கள் தொடுவதற்குப் பதில் வலமிருந்து இடமாகத் தள்ளப் பழகிக்கொள்ள வேண்டும். மழைத்துளியோ வியர்வையோ திரையில் விழுந்தாலும் பக்கம் தானே புரளும். நீர் புகாத கருவிதான், கெட்டுவிடாது, துடைத்துவிட்டுத் தொடரலாம்.

இனி தமிழ். 2016 இறுதியிலிருந்தே கிண்டிலில் தமிழ் நூல்கள் விற்பனைக்கு இருக்கின்றன, எழுத்து ஒழுங்காகவே தெரிகிறது. சிக்கல் பக்க அமைப்பில். வரியின் இரு ஓரமும் நேராக இருக்கும்படி அடுக்குவது பெரும்பாலான நூல்களில் இயல்பாக இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் ‘நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்’ என்று ஒரு சொல் வந்தால் அது தனியாகவே முக்கால் வரியைப் பிடிக்கும். வரி முடிவில் இடம் போதாவிட்டால் சொல் முழுசாக அடுத்த வரிக்கு இறங்கிவிடும். மிஞ்சிய இரண்டு மூன்று சொற்களைக் கருவி இழுத்துப் பரப்பும். பல் விழுந்த வாய்போல் வரிக்கு வரி பள்ளம் தெரியும், கண் தடுக்கும். தீர்வு எளிது: திரையின் மேற்பகுதியைத் தொட்டு, எழுத்து அமைப்புப் பட்டியலில் பக்க அமைப்பைத் திறந்து, வரியை இடப்பக்கம் மட்டும் ஒட்டும்படி மாற்றுங்கள். ஓரத்து வெற்றிடத்தைக் குறைத்துவையுங்கள், அகலம் கூடும். வரி இடைவெளி நடுத்தரமாகவாவது இருக்கட்டும். மேலே ‘கி’யின் வளைவும் கீழே ‘து’வின் வாலும் நெருக்கத்தில் ஒன்றையொன்று உரசும். எழுத்தளவை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட ஒரு படி ஏற்றுங்கள். ஆடும் ரயிலில் ‘ன’வையும் ‘ண’வையும் பிரித்தறிய அந்த ஒரு படி வேண்டும். சில பதிப்பாளர்கள் இந்த அமைப்பை நூலுக்குள்ளேயே பூட்டிவிடுகிறார்கள். வாங்குமுன் இலவச மாதிரியை இறக்கி ஒரு பக்கத்தில் சோதித்துவிடுவது புத்திசாலித்தனம்.

காசு கொடுத்து வாங்காமல் படிக்கத் தமிழில் நிறையவே இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே தரமில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் சங்க நூல் தொட்டு இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை கிடைக்கும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம் ஒரே நூலை இபப் (திரைக்கு ஏற்ப வரிகளை அடுக்கிக்கொள்ளும் மின்னூல் கோப்பு), பெரிய பிடிஎஃப், 6 அங்குலத் திரைக்கான பிடிஎஃப் என்று தனித்தனியே தருகிறது. இபப்பையே எடுங்கள், எழுத்தளவை மாற்ற முடியும். நாட்டுடைமையான நூல்களுக்கு, விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான தமிழ் விக்கிமூலம் நல்ல இடம். அங்கே இறக்குமுன் பக்கங்களின் நிறத்தைப் பார்ப்பது அவசியம். பச்சை என்றால் சரிபார்க்கப்பட்டது, மஞ்சள் என்றால் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தது, சிவப்பு என்றால் இயந்திரம் படித்த எழுத்து அப்படியே கிடக்கிறது. சிவப்புப் பக்கங்களில் ‘ர’ வரவேண்டிய இடத்தில் துணைக்கால் நிற்கும், புள்ளி காணாமல் போயிருக்கும். வேலை முடிந்து களைத்தவர் இன்பத்துக்காகப் படிக்கும்போது அந்தப் புதிரை அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. பச்சையும் மஞ்சளும் உள்ள நூலாகத் தேர்ந்தெடுங்கள்.

இறக்கிய இபப்பைக் கருவிக்கு அனுப்ப அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ இணையப் பக்கம் போதும். அங்கே 200 எம்பி வரையும், மின்னஞ்சலில் 50 எம்பி வரையும் அனுப்பலாம். பழைய மோபி கோப்புகளை இப்போது அது ஏற்பதில்லை. சில தமிழ் இபப்கள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பப்படும்; பெரும்பாலும் கோப்பின் உள்கட்டமைப்பில் ஏதோ ஒரு குறை இருக்கும். காலிபர் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, விவரங்களில் மொழியைத் தமிழ் என்று குறித்து, இபப்பிலிருந்து இபப்புக்கே ஒருமுறை மாற்றி அனுப்பினால் பெரும்பாலும் போய்ச் சேரும். யூஎஸ்பி கம்பி வழியே நேராக ஏற்றுபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கம்பி வழி ஏற்றிய இபப்பைக் கருவி திறக்காது, ஏஇசட்டபிள்யூ3 (AZW3) என்ற கிண்டில் கோப்பு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அப்படி ஏற்றிய நூல் போனோடு பக்கம் ஒத்துப்போகாது. மேக் கணினி என்றால் இந்தத் தலைமுறைக் கிண்டிலைப் பார்க்கவே தனிச் செயலி வேண்டியிருக்கும். விண்டோஸில் நேராகத் தெரியும்.

பிடிஎஃப் விஷயத்தில் கறாராகவே சொல்ல வேண்டும். இந்தத் திரையின் அகலம் சுமார் 107 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210. பக்கம் பாதியாகச் சுருங்கும், 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 6 புள்ளியாகும். ஆங்கிலத்தை அந்த அளவில் தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி மறையும், ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றாகத் தெரியும். திரையைப் படுக்கை வசமாகத் திருப்பினால் எழுத்து 8 புள்ளிக்கு ஏறும், ஆனால் ஒரு பக்கத்தை இரண்டு தடவையாக நகர்த்திப் பார்க்க வேண்டும். வருடிய (ஸ்கேன் செய்த) பழைய புத்தகங்களுக்கு ஓரளவு கைகொடுப்பது கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவசக் கருவி. பக்கத்தைப் படமாகவே வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வெட்டி, சிறிய திரைக்கு ஏற்றபடி மறுபடி அடுக்கித் தரும். எழுத்தை அது படிக்க முயல்வதில்லை, அதனால் தமிழில் எழுத்துப்பிழை புகாது. கவிதை, அட்டவணை மட்டும் குழம்பலாம்.

இன்னொரு வகை பிடிஎஃப் உண்டு. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்குமுன் பாமினி, டிஸ்கி போன்ற பழைய முறை எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. கணினியில் பார்க்க அழகாக இருக்கும். இபப்பாக மாற்றியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக மாறிவிடும். எழுத்தைப் பிரித்தெடுத்து என்எச்எம் மாற்றி என்ற மென்பொருளில் யூனிகோடாக்கி, பிறகு இபப் செய்ய வேண்டும். ஒரு நூலுக்கு ஒரு மாலைப்பொழுது போகும். அந்த மாலையில் வேறொரு நூலில் நாற்பது ஐம்பது பக்கம் படித்திருக்கலாம். வேறெங்கும் கிடைக்காத நூலுக்கு மட்டும் அந்த உழைப்பைச் செலவிடுங்கள்.

மாதம் 169 ரூபாய் கட்டணத்தில் இயங்கும் அமேசானின் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் தமிழ் நூல்கள் ஏராளம். ஆசிரியர்களே நேரடியாக வெளியிட்டவை அதில் கணிசம். மெய்ப்புப் பார்க்காதவையும் அவற்றில் உண்டு. நாவலும் சிறுகதையும் வேகமாகப் படிப்பவருக்கு லாபம். மாதம் ஒரு நூல் முடிப்பவர், பிடித்த நூலை மட்டும் விலைக்கு வாங்குவதே மேல். வாங்கினாலும் கிடைப்பது படிக்கும் உரிமை மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி 2025 பிப்ரவரி 26-இல் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டும், நண்பருக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கும் நூலை அச்சிலேயே வாங்குங்கள்.

மின்கலம் 12 வாரம் வரும் என்பது, நாளுக்கு அரை மணி, வைஃபை அணைத்து, வெளிச்சத்தை 13-இல் வைத்துச் சொல்லும் கணக்கு. மொத்தம் 42 மணி நேர வாசிப்பு. நாளுக்கு ஒரு மணி படித்தால் ஆறு வாரம், அதுவே தாராளம். இரவில் இருட்டறையில் வெளிச்சம் 4 அல்லது 5 போதும். நிறத்தை மஞ்சளுக்கு நகர்த்தினால் பக்கத்தில் தூங்குபவருக்கும் தொந்தரவில்லை.

உண்மையான பலவீனம் திரைதான். அதன் அடியில் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவோடு ஒரே பையில் திணித்து, கூட்டத்தில் நெருக்குப்பட்டால் மேலே கீறல் இல்லாமலே உள்ளே விரிசல் விழும். திரையில் நிலையாகக் கோடுகள் நிற்கும். திரையை மாற்றும் செலவுக்குப் புதுக் கருவியே வாங்கிவிடலாம் என்ற நிலை வரும். கெட்டி உறை போட்டு, மடிக்கணினிக்கான அறையில் தனியாக வையுங்கள். இருசக்கர வண்டியின் இருக்கைப் பெட்டியில் வைத்து வெயிலில் விடவே விடாதீர்கள்.

ஆகவே, கதை, கட்டுரை என்று ஓட்டமாகப் படிக்கும் உரைநடை வாசகருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். வருடிய பிடிஎஃப்களே உங்கள் நூலகம் என்றால் 10 அங்குல டேப்லட் மேல். செலவைக் குறைக்க வேண்டும் என்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம்: 16,999 ரூபாய்க்கு 300 ரூபாய் நாவல் ஐம்பதுக்கு மேல் வரும், மாவட்ட நூலகத்தில் அதைவிட அதிகம் கிடைக்கும்.

2021-இல் வந்த 11ஆம் தலைமுறைப் பேப்பர்வைட் பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். 6.8 அங்குலத் திரை, 205 கிராம், அதே 300 புள்ளி. படிக்கும் அனுபவத்தில் பெரிய வித்தியாசமில்லை. இருட்டான இடத்தில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றித் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து கோடு தெரிகிறதா என்று பாருங்கள். விற்பவர் தன் கணக்கிலிருந்து கருவியை நீக்கி, எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்துக் கொடுக்கட்டும். உங்கள் கணக்கில் அது பதிவானதைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.