மாடித் தோட்டத்தில் டைமரும் சென்சாரும்: சில வருட அனுபவம்

மாடித் தோட்டத்துக்கு ஆட்டோமேட்டிக்காகத் தண்ணீர் விடும் செட் வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சென்னை வெயிலிலும் மழையிலும் சில வருடங்களாக ஓட்டிப் பார்த்ததில் என் பதில் இதுதான்: குறித்த நேரத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் டைமரைத் தாராளமாக வாங்குங்கள், ஈரம் பார்க்கும் சென்சாருக்கு அவசரமே இல்லை.

முதலில் வால்வு. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை மின்காந்தத்தால் திறக்கும் சோலனாய்டு வகை. தண்ணீர் வேகமாக வரும் குழாயை நினைத்துச் செய்தவை. நம் வீட்டில் தண்ணீர் வருவது மொட்டை மாடி டேங்கிலிருந்து. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம். டேங்கின் நீர்மட்டத்துக்கும் செடி வைத்த பைக்கும் இரண்டு மீட்டர் வித்தியாசம் இருந்தால் கிடைப்பது 0.2 பார். பல சோலனாய்டு வால்வுகளுக்கு அது போதாது. 'டக்' என்று சத்தம் மட்டும் வரும், தண்ணீர் வராது. பால் (ball) வால்வு வைத்த டைமரில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே சின்ன மோட்டார் ஒன்று வால்வைத் திருப்புகிறது, அழுத்தம் தேவையில்லை. பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டு பற்றியும் கவலை இல்லை. இதில் எனக்கு இருக்கும் ஒரே எரிச்சல் எறும்பு. பேட்டரி மூடியின் ரப்பர் வாஷர் கொஞ்சம் தளர்ந்தாலும் உள்ளே குடும்பத்தோடு குடியேறிவிடும்.

சென்சார் கதை வேறு. இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்சாரம் பாய்ச்சி ஈரம் பார்க்கும் மலிவான வகை, ஈரத்தில் இருந்து இருந்தே அரித்துப்போகிறது. உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் வகை அப்படி அரிக்காது. ஆனால் அதன் தலைப்பகுதியில் சர்க்யூட் வெளியே தெரிகிறது. நெயில் பாலிஷ் பூசி மூட வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் பையில் நிரப்பும் தென்னை நார்க்கழிவு. மண் மாதிரி அது சென்சாரோடு ஒட்டி உட்காராது. கொஞ்சம் இடைவெளி விழுந்தால் போதும், பை ஈரமாகவே இருந்தாலும் சென்சார் 'காய்ந்துவிட்டது' என்று சொல்லும். மே மாத வெயிலில் மேலே ஒரு அங்குலம் பொரிந்து கிடக்கும், அடியில் கையை விட்டால் சொதசொதவென்று இருக்கும். சென்சார் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழத்தின் கதையைத்தான் அது சொல்லும். தக்காளி குடிக்கும் தண்ணீர் வேறு, கீரை குடிக்கும் தண்ணீர் வேறு. ஒரு பையில் குத்திய சென்சாரை நம்பி மாடி முழுக்கத் தண்ணீர் விடுவது எனக்குச் சரிவரவில்லை. இப்போது பையைத் தூக்கிப் பார்க்கிறேன், கனம் சொல்லிவிடுகிறது.

கூட வந்த ஆப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தக்காளியை வசந்த காலத்தில் விதைக்கச் சொன்னது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கிற ஊரில் இதை யாருக்காக எழுதினார்கள் என்று தெரியவில்லை. கம்பெனியின் சர்வர் படுத்தால் மாடியில் வால்வும் திறக்காது என்பதுதான் தாங்க முடியாதது. செடிக்குத் தண்ணீர் விட லாகின் எதற்கு?

பராமரிப்பு பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போர்வெல் தண்ணீர் என்றால், பையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப்பரின் வாயில் வெள்ளையாக உப்புப் படியும். ஒன்றில் சொட்டும், அடுத்ததில் நின்றிருக்கும். கழற்றி வினிகரில் இரவு முழுக்க ஊறப்போட்டால் பெரும்பாலும் திறந்துகொள்கிறது. டேங்க் குழாயில் ஒரு ஃபில்டர் கட்டாயம். அணில் கடித்த மைக்ரோ டியூபுக்கு (டிரிப்பருக்குப் போகும் மெல்லிய குழாய்) மருந்தில்லை, கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம், அழுத்தம் குறைவு என்பதால் டேங்குக்குப் பக்கத்துப் பைக்கு அதிகமும் கடைசிப் பைக்குக் குறைவுமாகத்தான் தண்ணீர் போகும். திருகிச் சரிசெய்யும் டிரிப்பர் போட்டு, அடியில் கப் வைத்து அளந்து சமன் செய்ய ஒரு காலைப் பொழுது ஆகும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், ஆனால் டைமருக்கு மழை தெரியாது. கொட்டுகிற மழையிலும் காலை ஆறு மணிக்குக் கடமை தவறாமல் திறக்கும். மழைக்காகத் தண்ணீர் விடுவதைத் தள்ளிப்போடும் 'ரெயின் டிலே' பட்டன் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன் டேங்கின் அடிமட்டத்துக்கும் பைக்கும் எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அந்த அளவைச் சொல்லி, இந்த வால்வு எத்தனை பாரில் திறக்கும் என்று கேளுங்கள். "எல்லாத்துக்கும் வேலை செய்யும் சார்" என்றால், வேறு கடை பாருங்கள்.