டிஜிட்டல் மிக்சர் வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

வேறொரு நாடகக் குழுவில் இருக்கிற நண்பர் கேட்டார், உங்களிடம் இருக்கும் அந்த டிஜிட்டல் மிக்சரை நாங்களும் வாங்கலாமா என்று. மிக்சர் என்றால் மைக்குகளின் ஒலியையெல்லாம் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டி. எங்களுடையதில் ஃபேடர், அதாவது தள்ளிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி, கிடையாது, எல்லாம் டேப்லெட்டில்தான். அவர் கேட்ட நேரத்தில்தான் எங்களுடையது சர்வீஸிலிருந்து திரும்பி வந்திருந்தது, அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். எத்தனை சேனல், எத்தனை அவுட்புட் என்பதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன். எங்கள் குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒலியைப் பார்த்துக்கொள்ள இந்த நிகழ்ச்சிக்கு ஒருவர் வருவார், அடுத்ததற்கு இன்னொருவர் வருவார், யாருக்கு அன்று நேரம் இருக்கிறதோ அவர். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

ஒலித் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது ஒவ்வொரு மைக் வந்து சேரும் வழிக்கும், தனித்தனியாக ஈக்வலைசர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரசர் (திடீரென்று ஏறும் சத்தத்தை அடக்குவது), கேட் (ஓர் அளவுக்குக் கீழே இருக்கிற சத்தத்தை அடைத்துவிடுவது) எல்லாம் உள்ளேயே இருக்கிறது. மேடையில் நடக்கிற காலடிச் சத்தம் மைக்கில் ஏறினால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற தாழ்ந்த ஒலியை வெட்டிவிட்டால் போதும். மைக் கூவ ஆரம்பித்தால் எந்த அதிர்வெண் கூவுகிறது என்று திரையிலேயே தெரிகிறது, அதை மட்டும் குறுகலாகக் குறைத்துவிடலாம்.

நாங்கள் எதிர்பார்க்காமல் கிடைத்தது இன்னொன்று. ஒத்திகையின்போது எல்லா மைக்கையும் தனித்தனி ட்ராக்காக யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் பதிவு செய்து, பிறகு அதே ட்ராக்குகளை அதே சேனல்களுக்குத் திருப்பி அனுப்பலாம். நடிகர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் மேடையில் பேசிக்கொண்டிருப்பது போலவே மிக்சரில் உட்கார்ந்து பழகலாம். புதிதாக வந்த பிள்ளைகள் யாரையும் காக்க வைக்காமல், தவறு செய்தால் யாரும் திட்டுவார்களோ என்ற பயமில்லாமல் இதில்தான் கற்றுக்கொண்டார்கள். இந்த ஒரு வசதிக்காக இதை எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டுவேன்.

வைஃபை தொல்லை எல்லோரும் சொல்வதுதான். உள்ளே இருக்கிற வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ். காலி அரங்கில் ஒழுங்காக வேலை செய்யும், ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் டேப்லெட் துண்டித்துப் போகும். காரணம் பெரிய ரகசியமில்லை, உள்ளே வருகிற ஃபோன்களில் பல அதே அலைவரிசையில் பேசுகின்றன, போதாததற்கு மனித உடம்பு வேறு சிக்னலைக் குடித்துவிடுகிறது. ஒரு தனி ரூட்டரைக் கேபிளில் இணைத்து, 5 கிகாஹெர்ட்ஸில் வைத்து, தலைக்கு மேலே உயரத்தில் கட்டினோம். அதோடு சரியாகிவிட்டது.

தீராதது வேறு. இந்தப் பெட்டியைப் பார்த்தால் அது என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாது. பழைய அனலாக் மிக்சரில் குமிழ் எங்கே திரும்பியிருக்கிறது, சத்தத்தை நிறுத்துகிற எந்த ம்யூட் பட்டன் அழுந்தியிருக்கிறது என்று கண்ணை ஓட்டினாலே புரிந்துவிடும். இதில் ஒரு மைக்கின் சத்தம் கெயினில் (மைக் சத்தத்தை முதலில் பெருக்குகிற இடம்) நின்றுபோகலாம், கேட்டில் நின்றுபோகலாம், ம்யூட்டில், பல மைக்குகளை ஒரே தட்டில் ஊமையாக்குகிற ம்யூட் குரூப்பில், எது எங்கே போக வேண்டும் என்று சொல்கிற ரூட்டிங்கில் நின்றுபோகலாம், திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒரு மாலை நாயகியின் மைக் ஊமையாகிவிட்டது. கேபிளை மாற்றினார்கள், மைக்கை மாற்றினார்கள், ஸ்பீக்கரைக் கூட அணைத்துப் போட்டார்கள், கடைசியில் பார்த்தால் முந்தைய நிகழ்ச்சிக்கு வந்தவர் போட்ட ம்யூட் குரூப் அப்படியே இருந்திருக்கிறது. அவர் செய்ததும் தப்பில்லை, தேடியவர்கள் தேடியதும் தப்பில்லை. தினமும் இதிலேயே உட்காருகிற ஒருவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. எங்களைப் போன்ற குழுவில் விஷயம் தெரிந்தவர் அன்று ஊரில் இருக்கமாட்டார். அனலாக் என்றால் ஃபோனில் "மூன்றாவது சேனலில் சிவப்பு விளக்கு எரிகிறதா" என்று கேட்டு முடித்துவிடலாம். இதில் "இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்" என்று கேட்பதிலேயே இடைவேளை முடிந்துவிடும்.

அப்புறம் சர்வீஸ். ஒரு இன்புட் சாக்கெட் தளர்ந்து போனதால் அனுப்பினோம். சாக்கெட்டைச் சுத்தமாக மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே சேமித்திருந்த எல்லா ஸீனையும் (ஒரு நாடகத்துக்கான மிக்சர் அமைப்பு முழுவதையும் சேமித்து வைப்பதுதான் ஸீன்) அழித்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரசீதில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஸீன்களின் நகல் ஒன்று இருந்தது, குழுவை விட்டுப் போய்விட்ட ஒரு தம்பியின் சொந்த டேப்லெட்டில். அவர் தேடிப் பார்த்தார், டேப்லெட்டையே மாற்றிவிட்டாராம். மூன்று நாடகங்களின் அமைப்பு போனது. இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

இப்போது டேப்லெட் குழுவுடையது, யாருடைய கணக்கிலும் பூட்டியிருக்காது. தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிட்டோம், ஏனென்றால் ஆப் ஒரு பதிப்பிலும் மிக்சர் ஒரு பதிப்பிலும் இருந்தால் ஒன்றோடொன்று பேச மறுக்கிறது. 'தொடக்கம்' என்று ஒரு ஸீன், யார் வந்தாலும் முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். அதன் நகல் பென் டிரைவில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பழுதான கேபிளில் உடனே சிவப்பு டேப் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது மற்ற கேபிள்களோடு பெட்டிக்குள் போய் அடுத்தவர் கழுத்தை அறுக்கும். "மைக் வேலை செய்யவில்லை" என்று மட்டும் பழுதைப் பற்றி யாரும் எழுதி வைக்கக் கூடாது, எந்த சேனல், எதை மாற்றியபோது சத்தம் வந்தது என்று எழுத வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் உம்மென்று இரைச்சல் வந்தால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (ஒலி சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற சிறு பெட்டி) வைத்து அதிலிருக்கும் கிரவுண்ட் லிஃப்ட்டை, அதாவது ஒலிக் கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிக்கிற சுவிட்சை, போடுங்கள். தயவுசெய்து யாரும் பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள், அது உயிர் விஷயம்.

இவ்வளவு ஒழுங்கு இருந்தால் நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் நண்பருக்கு நான் சொன்னது, வாங்காதீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தவறாமல் வருகிற இரண்டு பேர் உங்களிடம் இருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் குமிழ் வைத்த நல்ல அனலாக் மிக்சர் ஒன்றை எடுங்கள். எங்கள் அடுத்த நாடகத்துக்கும் பரணிலிருந்த பழையதைத்தான் இறக்கியிருக்கிறோம். டிஜிட்டல் மிக்சர் ஒத்திகை அறையில் இருக்கும், பிள்ளைகள் பழகட்டும்.