அஞ்சலகமா, வங்கியா?

வட்டிக் கணக்குப் போட நான் கற்றுக்கொண்டதே அறுபதுக்கு மேல்தான், மயிலாப்பூர் அஞ்சலக வரிசையில் நின்றபடி.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம், 5 ஆண்டு. சேரும் அன்றைய வட்டி விகிதம் முதிர்வுவரை மாறாது, அரசே பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். பாஸ்புக்கில் அந்த வரி அச்சாகும்போது சம்பள நாள் திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஆனால் ஓராண்டுக்குள் கணக்கை மூடினால் வட்டியே கிடையாது.

வங்கி வைப்புநிதியிலோ மாதாமாதம் வட்டி வாங்கலாம், அவசரத்துக்கு அதன்மேல் கடனும் கிடைக்கும். வங்கி திவாலானால் கிடைக்கும் காப்பீடு மட்டும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம்வரைதான்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று 3 லட்சத்தை வங்கியில் வைத்தேன்; மீதி அஞ்சலகத்தில். அப்புறம் மாத்திரை வாங்க மகனிடம் கேட்டதில்லை.