பட்டுக்கோட்டை டெமுவில் சில ஆண்டுகள்

2019 ஜூனில் திருவாரூர் - காரைக்குடி அகலப்பாதையில் டெமு என்கிற டீசல்-மின்சார பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, நேரம் ஒத்துவந்தால் பட்டுக்கோட்டையிலிருந்து திருவாரூருக்கு அதில்தான் போகிறேன். ஆரம்பத்தில் பொறுமை வேண்டியிருந்தது. கேட் கீப்பர்கள் போதாமல், ரயிலிலேயே வரும் ஆட்கள் லெவல் கிராசிங்தோறும் இறங்கி கேட்டை மூடித் திறந்தார்கள். காரைக்குடி வரைக்குமான 150 கி.மீ.க்கு ஆறு மணி நேரத்துக்கு மேலானது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. கொரோனாவுக்குப் பின் 30 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணமும் 2024 பிப்ரவரியில் பழையபடி 10 ரூபாய்க்கு வந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். டெமுவில் சக்கரத்தைச் சுழற்றுவது மின் மோட்டார்தான். டீசல் என்ஜின் ஜெனரேட்டரை ஓட்ட, அந்த மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. கியர் மாற்றும் குலுக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு கிளம்பும். முதுகுவலிக்காரர்களுக்கு பஸ்ஸைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் என்ஜின் இருக்கும் பெட்டியில் உட்காராதீர்கள். சத்தமும் சூடும் தாங்காது, காற்று திரும்பினால் புகையும் வரும். நடுப்பெட்டிதான் நல்லது.

எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. ஓட்டத்துக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைக்க இதில் பேட்டரி இல்லை. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, தில்லைவிளாகம் என்று நின்று நின்று போகும் வண்டி இது. டீசல் எரித்து எடுத்த வேகமெல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிரேக்கில் வெறும் சூடாகப் போய்விடுகிறது. நின்றிருக்கும்போதும் என்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். டீசல் என்ஜினோடு பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் வண்டி என்றால் பிரேக் பிடிக்கையில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும், கிளம்பும்போது அதே மின்சாரம் கைகொடுக்கும்.

ரயிலுக்காவது மேலே மின்கம்பி இழுத்து, டீசலே இல்லாமல் ஓட்டிவிடலாம். தஞ்சாவூர் - காரைக்கால் பாதையில் அப்படித்தான் செய்தார்கள். ஊருக்குள் நுழையும் பஸ்ஸுக்கு அது நடக்காது. மும்பையில் 2018-லேயே 25 ஹைபிரிட் பஸ்களை இறக்கினார்கள். நம் பக்கம் வந்தால், நிற்காமல் போகும் தஞ்சாவூர் பாயின்ட்-டு-பாயின்ட் பஸ்ஸாக விடவேண்டாம், அதில் மிச்சம் குறைவு. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கோயில் வாசல் என்று எங்கும் நிற்கும் டவுன் பஸ்ஸுக்குக் கொடுக்கட்டும். ஸ்டாப்பில் காத்து நிற்கும் பிள்ளைகள்தான் டவுன் பஸ்ஸின் டீசல் புகையை முகத்துக்கு நேராக வாங்குகிறார்கள்.